வெளிவாய்

காலை ஆறரைக்கு முதல் தொட்டியின் மூடியை நெம்புகிறேன்.
நாற்பத்தொரு வீடும் எழும்பிவிட்டன.
சட்டி கழுவிய நீர், தலை முழுகிய நீர்,
குழந்தைக்குக் கால் கழுவிய நீர்,
இரவு வாளை மீன் ஆக்கிய வீட்டின் மஞ்சள் எண்ணெய்
எல்லாம் ஒரே குழாயால் என்னிடம் வருகின்றன.

ஊர்ப் புதினம் எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
நுரை கூடினால் கலியாண வீடு.
டெட்டோல் மணந்தால் காய்ச்சல்.
ஏழாம் இலக்கக் குழாய் இரண்டு வருடம் காய்ந்து கிடந்தது;
ஒரு செவ்வாய்க்கிழமை அதில் வாசனைச் சவர்க்காரம்.
குவைத்திலிருந்து இன்பமலர் வந்துவிட்டாள் என்று
அவள் அண்ணனுக்கு முன்னமே எனக்குத் தெரியும்.

மாரியில் தம்பலகாமத்து வயல்கள் நிரம்பும்போது
எங்கள் மலகூடக் குழிகளும் நிரம்பும்.
கிணற்றுக்கும் குழிக்கும் இருபத்தெட்டு அடி.
மண்ணுக்குக் கீழே இரண்டும் பேசிக்கொண்டன.
அந்தப் பேச்சு தேத்தண்ணியில் தெரிந்தது.
ஒரு மார்கழியில் பதினொரு பிள்ளைகள்
கந்தளாய் ஆஸ்பத்திரியில், கட்டிலுக்கு இருவராய்.
அதன் பிறகுதான் பிரதேச சபை, அளவுநாடா, சரளைக்கல் லொறி.
பராமரிக்க ஆள் கேட்டார்கள்.
ஆண்கள் எல்லோருக்கும் அன்று முதுகுவலி.
நான் கை உயர்த்தினேன்.
நாட்கூலி, ஒரு மண்வெட்டி, ஒரு சோடி பூட்ஸ்.
இரண்டும் இடது காலுக்கு.

பாரம் அடியில் இறங்கும்.
கொழுப்பு மேலே மிதக்கும், அகப்பையால் வழிப்பேன்.
பிறகு நீர் சரளைக்குள் புகுந்து
பன்னுக்கும் கல்வாழைக்கும் கீழே ஊர்ந்து போகும்.
வேருக்குள் என்ன நடக்கிறதென்று
எஞ்சினியர் மிஸ் என் கொப்பியில் படம் கீறினார்:
கண்ணுக்குத் தெரியாத வாய்கள், வாய்கள், வாய்கள்.
ஐந்து நாள் தின்னும்.
ஆறாம் நாள் வெளிவாயில் வருவது
கண்ணாடிக் குவளையில் கண்ணாடி மட்டும்போல் இருக்கும்.

கல்வாழை சிவப்பாய்ப் பூத்தது. ஒருவரும் பறிக்கவில்லை.
கடைக்காரச் சின்னராசா மிச்சக் காசை
என் கையில் தருவதில்லை. மேசையில் வைப்பார்.

அந்த நீரை என்ன செய்வதென்று மூன்று கூட்டம்.
கோயில் தென்னைகளுக்கு விடலாமே என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு எல்லோரும் ஒன்றாய்.
"தேங்காய் உடைக்கிறது ஆருக்கெண்டு தெரியுமோ பிள்ளை?"
என்றார் வண்ணக்கர் பூபாலபிள்ளை.
ஆய்வுகூட அறிக்கையை நீட்டினேன்:
ஒரு பக்கம் சிங்களம், மூன்று பக்கம் ஆங்கிலம்.
அதை மடித்து விசிறிக்கொண்டார்.
தீர்மானம்: அடுத்த கூட்டத்தில் தீர்மானிப்பது.

கச்சான் வீசத் தொடங்கியது.
வாய்க்கால் அடி ஓடோடாய் வெடித்தது.
கோணாமலையின் எருமைகள் பதினேழும்
எந்தக் கூட்டத்துக்கும் வந்தவையல்ல.
ஒரு மத்தியானம் வேலியைச் சாய்த்து
வெளிவாயில் வாய் வைத்தன.
தென்னமட்டையோடு ஓடினேன். பாதியில் நின்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு குடித்தன, பாவங்கள்,
காது மட்டும் ஈக்களை ஓட்டியபடி.
பின்னால் வந்த கோணாமலை என்னைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
வேலியை இருவருமாய் நிமிர்த்தினோம்,
எருமை நுழையும் அளவுக்கு இடம் விட்டு.

ஆடி முழுக்க அவருடைய தயிர்ச்சட்டிகள் ஊருக்குள் போயின.
வண்ணக்கர் வீட்டுக்கு இரண்டு. அன்னதானத்துக்குப் பன்னிரண்டு.
"கச்சானிலே இப்படிக் கட்டித்தயிர் நான் கண்டதில்லை"
என்று விரலை நக்கினார் சின்னராசா.
நானும் ஒரு சட்டி வாங்கினேன்.
மிச்சக் காசை மேசையில் வைத்தார்.
எடுத்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல எவ்வளவோ இருந்தது,
வழி முழுக்கச் சிரித்துத் தீர்த்தேன்.

மறுநாள் அன்னதானம்.
அதற்கு அடுத்த நாள், காலை ஆறரை,
மூடியை நெம்பினேன்.
நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் வந்து சேர்ந்து
தொட்டி முழுக்க வெள்ளையாய் ஒரு படலம்.
அகப்பையை எடுத்தேன்.